பிரம்பு கற்பித்த பாடம்

இராவணன் எல்லை நீர்வீழ்ச்சியைக் காண வருவோருக்குப் புட்பக விமானத்தின் கதையைக் கூறி மகிழாதார் ஊவாவில் இலர். பழம்பெருமை பேசுதல் எளிது. ஒரு பொறி எத்தனை முறை வீழ்ந்தபின் எழுந்தது என்று எண்ணிப் பார்ப்பதே அரிது.

பதுளைக்குப் புகையிரதம் 1924இல் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய ஆண்டு சனவரித் திங்களில், ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகருக்கண்மையில், ஒருவரே அமரக்கூடிய ஓட்டோஜைரோ ஒன்று வானில் எழுந்தது. அதனை ஆக்கியவர் யுவான் டி லா சியெர்வா என்னும் பொறியியலாளர். அதன் உச்சியிலுள்ள சுழலியை இயந்திரம் சுழற்றுவதில்லை. முன்னுள்ள விசிறி பொறியை இழுத்துச் செல்ல, எதிர்ப்படும் காற்றே சுழலியைச் சுழற்றும்.

1920 முதல் அவர் அமைத்த மூன்று பொறிகளும் செவ்வனே பறக்கவில்லை. முன்னோக்கி வரும் இறகு மிகுந்த உயர்த்துவிசையையும், பின்னோக்கிச் செல்லும் இறகு குறைந்த விசையையும் பெற்றமையாற் பொறி ஒருபுறம் சாய்ந்தது. ஆயின், அவரது சிறிய மாதிரியோ நன்றாகப் பறந்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, மாதிரியின் இறகுகள் வளைந்து கொடுக்கும் பிரம்புச் சட்டத்தால் ஆனவை என்பது புலனாயிற்று. இறகுகளின் அடியிற் கீலமைத்து, அவை மேலுங் கீழும் அசைய இடமளித்தார். நான்காம் பொறி பறந்தது. பின்வந்த ஹெலிக்கொப்டர்களுக்கும் அக்கீல் உதவிற்று.

பிரம்பினின்று அவர் வளைந்து கொடுத்தலைக் கற்றார். யாமோ அதனை வேறு பணிக்கு ஏந்தினோம். முன்னர்த் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்த காலத்தில், புணர்ச்சி விதி நடத்துகையிற் காகிதச் சுழலி செய்துகொண்டிருந்த மாணவனொருவனை அடித்தோம். அஃது எவ்வாறு சுழல்கின்றது என்று வினவவில்லை. அடுத்த தவணைக்கு அவன் வரவில்லை. கொழும்பிலே கடையொன்றில் வேலைக்குச் சென்றுவிட்டான் என்றனர். அடியினாற்றான் போனான் என்று கூறோம், வறுமையும் உண்டு. ஆயினும், அவனைப் பாடசாலையில் நிறுத்தத்தக்க ஒன்று அவன் கையில் இருந்தது. அதனை யாமே கசக்கி எறிந்தோம்.

ஒழுங்கு வேண்டாவோ எனச் சிலர் வினவுவர். வேண்டும். கீலுக்கும் ஓர் எல்லை உண்டு. ஆனால், இறகை அசையவே விடாத பொறி கவிழ்ந்தது என்பதை மறத்தலாகாது.

விழாவுக்கு வளைவும் பந்தலும் அமைக்கும் பழைய மாணவர்களே, கல்லூரியில் ஒரு சிறு பட்டறையும் அமைத்துத் தாருங்கள். நமது தோட்டப் பிள்ளைகள் அங்கே பிழை செய்யட்டும். மும்முறை பிழை செய்யட்டும். நான்காம் முறை வரை பொறுத்திருத்தல் ஆசிரியராகிய எமது கடன்.