காய்ச்சல் இறங்கிய நாள்

சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போவுக்குப் பயிற்சிக்கு வரும் இறுதியாண்டு மாணவி ஒருவர், தாதியர் வாரியத் தேர்வுக்காகத் தம் கைப்பேசியில் சேர்த்து வைத்திருந்த வினாக்களை அண்மையில் காட்டினார். மருத்துவ, அறுவைச் சிகிச்சைத் தாதிமைக்கு மட்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன. பாதிக்கு மேல் அமெரிக்க லைசென்ஸ் தேர்வுக்கு எழுதப்பட்டவை. காய்ச்சல் பாரன்ஹீட்டில், சர்க்கரை மில்லிகிராமில், பாராசிட்டமோலுக்கு வேறு பெயர். 70 மில்லிகிராம் என்றால் நம் கருவியில் 3.9 மில்லிமோல் என்று கேட்டவுடன் சொன்னார். அளவை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அத்தனை வினாக்களிலும் ஒரு டிங்கி நோயாளிகூட இல்லை.

அதுதான் எனக்குக் கவலை. டிங்கியில் காய்ச்சல் இறங்கும் நாளே ஆபத்து தொடங்கும் நாள். பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு குளிரும், வீட்டார் மூச்சு விடுவார்கள். அந்த நேரத்தில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. பிளேட்லெட் இறங்கும்போது ஹெமட்டோகிரிட் ஏறுகிறது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், எழுப்பினாலும் மீண்டும் துவண்டு படுப்பது எல்லாம் எச்சரிக்கைகள். இரத்த அழுத்தத்தின் மேல் எண் அப்படியே நிற்கும். கீழ் எண் ஏறி, இரண்டுக்கும் இடைவெளி 20-க்குச் சுருங்கிவிட்டால் நோயாளி ஷாக்கில் இருக்கிறார் என்று பொருள். வெப்பநிலை 36.8 என்று பார்த்து 'நலம்' எனக் குறித்துவிட்டு நகரும் கை, விடைத்தாளிலும் அதையேதான் எழுதும். உறவினர்கள் பிளேட்லெட் எண்ணைத்தான் கேட்பார்கள். பக்கத்து வரியில் இருக்கும் ஹெமட்டோகிரிட்டையும் படிக்க மாணவியைப் பழக்கிவிட வேண்டியவர்கள் நாம்.

இனிப்பு நீரையும் கட்டிலருகே நின்றுதான் கற்க வேண்டும். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். பால்மரக் காட்டில் உழைத்து, இன்று தாமான் வீட்டில் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் பாட்டி, காலில் ஆறாத புண்ணோடு வார்டுக்கு வருகிறார். காலையில் இன்சுலின் போட்டாயிற்று, பசியாறல் வரத் தாமதம். "மிஸ்ஸி, ஒரு மாதிரியா வருது" என்கிறார். நெற்றி சில்லென்று வியர்த்திருக்கிறது, பேச்சு குழறுகிறது. டாக்டரைக் கூப்பிடுவதா, சீனித் தண்ணீர் கொடுப்பதா, சர்க்கரை பார்ப்பதா, படுக்க வைப்பதா? நான்குமே தப்பில்லை என்பதால்தான் மாணவி தடுமாறுகிறார். வினா கேட்பது எது முதலில் என்பதை மட்டும். விரலில் குத்திப் பார்ப்பது அரை நிமிட வேலை. 3.9-க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டி சீனி. 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் கூடாது. பாட்டி இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் சாப்பிடுகிறவர் என்றால் நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மறையாது. இந்தக் கடைசி விவரத்தை மருந்து அட்டவணையையும் நோயாளியின் நெற்றியையும் சேர்த்துப் பார்த்தவர் மறப்பதில்லை.

"ஒரு மாதிரியா வருது" என்பதைத் தேர்வுத் தாள் அந்தச் சொற்களில் கேட்காது. அதைப் புரிந்துகொள்ளும் காது, தமிழ் அறிந்த நம் மாணவிகளுக்குக் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரி இருந்த நாட்களில் டிரசர்கள் அந்தக் காதை வைத்துத்தான் பாதி நோயைக் கண்டுபிடித்தார்கள். அவர்களைப் பதிவு செய்ய 1965-இல் தனிச் சட்டமே வந்தது. தோட்டங்கள் பல போய்விட்டன. அந்தப் பேச்சு இன்னும் நம் வார்டுகளில் கேட்கிறது.

ஆகவே மூத்த தாதியருக்கும் வார்டு சிஸ்டர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வினாத் தொகுப்புகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, வினா அமைப்பு பழகுவதற்கு அவை உதவும். நாளைக் காலை பாஸ் ஓவர் முடிந்ததும் உங்கள் வார்டு மாணவியைப் பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள். நான்கு கட்டில்களைக் காட்டி, முதலில் யாரிடம் போவாய், ஏன் என்று கேளுங்கள். விடை சரியாக இருந்தாலும் 'ஏன்' வரும்வரை விடாதீர்கள்.