ரெண்டை நாலாக்கலாமா?

போன வாரம் வந்த ஒரு கடிதத்துல பேர் இல்லை, போன் நம்பர் இல்லை. பி.எஸ்சி. ரெண்டாம் வருஷம், ஹாஸ்டல் வாசம், பிறந்தப்ப ஆண்னு எழுதிட்டாங்க, ஆனா தான் ஒரு பெண். இவ்வளவுதான் விவரம். மெடிக்கல் ஷாப்புல 'அக்காவுக்கு'ன்னு பொய் சொல்லி கருத்தடை மாத்திரை வாங்கி, ஆறு வாரமா தினமும் ரெண்டு போடுறாங்களாம். 'கண்ணாடியில எந்த மாற்றமும் தெரியலை. ரெண்டை நாலாக்கலாமா?' இதுதான் கேள்வி. கீழே, போற போக்குல ஒரு வரி: 'இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்குது. ஷட்டில் ஆடினதாலயா இருக்கும்.'

தோழி, இன்னும் டாக்டரைப் பார்க்கலைன்னா பத்திரிகையை மூடி வெச்சுட்டு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்க. மாத்திரை அட்டையையும் கையோட எடுத்துக்குங்க. அக்கா கதை அங்கே வேணாம். ஷட்டில்தான் காரணம்னா சந்தோஷம். ஆனா, ஒத்தைக் கால் வீக்கம் ரத்தக்கட்டியாவும் இருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலை அடைச்சா உயிருக்கே உலை வெச்சிடும். மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலிச்சாலோ விடியட்டும்னு காத்திருக்காம 108-ஐக் கூப்பிடுங்க.

போயிட்டு வந்து மீதியைப் படிங்க.

கருத்தடை மாத்திரைகள் பலதுல இருக்கிறது எத்தினைல் எஸ்ட்ராடியால். ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்களைக் கல்லீரல் கூடுதலா தயாரிக்க இது தூண்டும். ஆம்ஸ்டர்டாம் டாக்டர்கள் 816 திருநங்கைகளோட சிகிச்சைக் குறிப்புகளைப் புரட்டி 1997-ல ஓர் ஆய்வு வெளியிட்டாங்க. ரத்தக்கட்டித் தொல்லை மற்றவங்களைவிட 20 மடங்கு! அங்கே அப்போ வழக்கமா கொடுத்தது இதே மருந்துதான், தினம் 100 மைக்ரோகிராம். உங்க மாத்திரை ஒண்ணுல 30 இருக்குன்னு வெச்சுக்குவோம். நாலு போட்டா 120. கணக்கு புரியுதா? இப்போ டாக்டர்கள் இதைத் தவிர்த்துட்டு, உடம்பு தானே சுரக்கிற எஸ்ட்ராடியாலையே மாத்திரையாவோ, தோல்ல தடவுற ஜெல்லாவோ, ஒட்டுற பேட்ச்சாவோ தர்றாங்க. கூடவே சிகரெட்டை விடச் சொல்வாங்க, அதுவும் இதே காரணத்துக்காகத்தான்.

சரி, கண்ணாடி ஏன் மாறலை? சரியான மருந்தே எடுத்தாலும் ஆறு வாரத்துல பெருசா ஒண்ணும் தெரியாதுங்க. தோல்ல எண்ணெய்ப் பசை குறையும், காலையில வர்ற விறைப்பு குறையும், அவ்வளவுதான். மார்பு அரும்பவே மூணுலேர்ந்து ஆறு மாசம் பிடிக்கும், முழுசா வளர ரெண்டு மூணு வருஷம். டோஸை ஏத்தினா இந்தக் காலம் சுருங்காது. பருவம் வந்த பொண்ணுங்களும் ஒரே மாசத்துலயா வளர்ந்தாங்க? இன்னொண்ணு, உடைஞ்ச குரலை ஈஸ்ட்ரோஜன் திருப்பித் தராது. அதுக்குக் குரல் பயிற்சிதான். தாடியும் முழுசா போகாது. லேசர், எலக்ட்ராலிசிஸ்னு தனி வேலை.

ஆண் ஹார்மோனை அடக்கறதுக்குப் பலருக்கும் ஸ்பைரனோலேக்டோன் எழுதுவாங்க. அடிப்படையில அது பி.பி. மாத்திரை. அடிக்கடி பாத்ரூம் ஓட வைக்கும், ரத்தத்துல பொட்டாசியத்தை ஏத்தும். தினம் இளநீர் குடிக்கிற ஆளா இருந்தா அதையும் டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, அதுல பொட்டாசியம் ஜாஸ்தி.

நிறுத்தினா எல்லாம் பழையபடி ஆயிடும்னும் நினைக்காதீங்க. வளர்ந்த மார்பு தானா மறையாது. விந்தணு உற்பத்தி திரும்பி வரும்னு உத்தரவாதம் இல்லை. பத்தொன்பது இருபது வயசுல குழந்தையைப் பத்தி யார் யோசிப்பான்னு தோணும். இருந்தாலும் விந்தணுவைச் சேமிச்சு வைக்கிறதைப் பத்தி ஆரம்பிக்கும் முன்னாடியே கேட்டுடுங்க.

இதைப் படிக்கிற திருநம்பித் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. டெஸ்டோஸ்டிரோன்ல உடையற குரல் திரும்பாது. ரத்தச் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி ஏறுதான்னு அப்பப்போ டெஸ்ட் பண்ணணும். மாதவிலக்கு நின்னுட்டா கர்ப்பம் ஆகாதுன்னு நம்பிடாதீங்க, ஆகலாம்.

உங்களை மிரட்ட இதையெல்லாம் எழுதலை, தோழி. இந்தச் சிகிச்சை எத்தனையோ பேருக்கு நிம்மதியைக் கொடுத்திருக்கு. எண்டோகிரைனாலஜி டாக்டரைப் பாருங்க. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிகள்ல தனிப் பிரிவே இருக்கு. முதல் வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

அட்டையில மிச்சம் இருக்கிறதை இன்னிக்கு ராத்திரி போடாதீங்க. டாக்டர் என்ன சொன்னார்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. பேர்கூட வேணாம், கால் எப்படி இருக்குன்னு மட்டும்.