உவமையில் எரியும் காடு

‘காட்டுத்தீபோல் பரவியது’ என்னும் தொடர் நம் செய்தித்தாள்களிலும் புனைவுகளிலும் தேய்ந்துபோன ஒன்று. வதந்தி அப்படிப் பரவுகிறது. கலகம் அப்படிப் பரவுகிறது. ஒரு திரைப்படத்தின் வெற்றிச் செய்தியும் அப்படியே பரவுகிறது. அந்த உவமையில் இன்று எஞ்சியிருப்பது வேகம் மட்டும்தான். காடு அதிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டது. காண்டவ வனம் அக்கினிக்கு இரையான கதையைப் படித்து வளர்ந்த நமக்கு, காடு எரிவதென்றால் வானுயரும் சுவாலையும் அலறியோடும் விலங்குகளும் கண்முன் வருவது இயல்பே. ஆனால் தமிழகத்திலும் அதையொட்டிய ஆந்திர மலைகளிலும் கோடையில் எரியும் தீ பெரும்பாலும் அத்தகையதன்று. அது முழங்காலளவு உயரத்தில், சருகைத் தின்றுகொண்டு, ஊர்ந்து செல்வது. அதனால் விளையும் கேடும் மெல்லவே வந்து சேர்கிறது. அந்தக் கேடு மலையோடு நின்றுவிடாமல் சமவெளியின் ஏரிக்கும் வயலுக்கும் மூச்சுக்கும் இறங்கி வருகிறது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் காட்டுத்தீ என்றதும் குரங்கணிதான் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்தின் அந்த மலைச்சரிவில் மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். காய்ந்த புல் மண்டிய சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போது, அதன் வெப்பம் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. காற்றும் சேர்ந்துகொண்டால் மனிதரால் அதை முந்தி ஓட முடியாது. அத்துயரத்தைத் தொடர்ந்து விசாரணை நடந்தது. அதே ஆண்டில் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வந்தன. 2024-இல் அரசே நாற்பது தடங்களைத் தேர்ந்து, வழிகாட்டிகளோடு ஒரு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது. இவை வேண்டியவையே. எனினும் இவையெல்லாம் காட்டுக்குள் செல்லும் மனிதனைக் காப்பதற்கானவை. எரிந்த காட்டுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி நம் பொதுப்பேச்சில் அரிதாகவே எழுந்தது.

நம் வறண்ட இலையுதிர் காடுகளில் மரங்கள் தை, மாசியில் இலையை உதிர்க்கின்றன. பங்குனிக்குள் தரையில் சருகு கனத்த மெத்தையாகக் கிடக்கிறது. ஒரு பீடித்துண்டோ, புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்போ, அணைக்காமல் விட்ட அடுப்போ போதும். இந்தியாவில் காட்டுத்தீ மின்னலால் பிறப்பது அபூர்வம். பெரும்பாலும் மனிதக் கையிலிருந்தே பிறக்கிறது. தடித்த பட்டையுள்ள முதிர்ந்த மரம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. மடிவது கன்று. முதல் மழை பெய்ததும் மலை மீண்டும் பச்சையாகிறது; கீழிருந்து பார்ப்பவர் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியடைகிறார். ஆண்டுதோறும் இவ்வாறு எரிந்தால் அது முதியவர்கள் மட்டுமே வாழும் ஊரைப்போன்ற காடாகிவிடும். வெற்றிடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது. அது வெட்டவெட்டத் துளிர்ப்பது, எரிந்தாலும் வேரிலிருந்து மீள்வது, உலர்ந்தால் அடுத்த தீக்கு விறகாவது. 2019 பிப்ரவரியில் கர்நாடகத்தின் பந்திப்பூரில் ஆயிரக்கணக்கான ஏக்கர் எரிந்தபோது, அங்கே பரவிக் கிடந்த உண்ணிச்செடியைப் பற்றிய பேச்சும் எழுந்தது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். தீ காட்டுக்குப் புதியதா? குறிஞ்சி நிலத்தில் புனம் சுட்டுத் தினை விதைத்தவர்கள் நம் முன்னோர் அல்லவா? மறுப்பு நியாயமானது. பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோளிகர், கோடையின் தொடக்கத்திலேயே சருகுக்குச் சிறு நெருப்பு வைக்கும் வழக்கம் தங்களுக்கு இருந்தது என்றும், அது தடுக்கப்பட்ட பிறகே உண்ணிச்செடி மலையை மூடியது என்றும் சொல்கிறார்கள். ஆய்வாளர்கள் அதைக் காதுகொடுத்துக் கேட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். 1882-ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் காட்டில் நெருப்பு வைப்பதைக் குற்றமாக்கியபோது, அறிந்து வைத்த நெருப்புக்கும் அலட்சியத்தில் விழுந்த நெருப்புக்கும் வேறுபாடு பார்க்கவில்லை. ஆகவே தீயே கூடாது என்பது நம் வாதமன்று. எப்போது, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை, யார் கையால் என்பதே கேள்வி. காட்டை அறிந்தவர் கையிலிருந்து தீயைப் பறித்தோம். அறியாதவர் கையில் அது இருந்துகொண்டே இருக்கிறது.

இனி மலையிலிருந்து கீழே வருவோம். சென்னைக்கு வடக்கே உள்ள சோழவரத்தைப் பலரும் அறிந்திருப்பது இரண்டு காரணங்களால்: ஒன்று, இரண்டாம் உலகப்போர்க்கால ஓடுதளத்தில் ஒருகாலத்தில் நடந்த கார்ப் பந்தயங்கள், மற்றொன்று ஏரி. மலையென்று சொல்ல அங்கே ஏதுமில்லை. ஆனால் அந்த ஏரியின் நீர்வழியைப் பின்தொடர்ந்தால் மலைக்குத்தான் போய்ச் சேர்வோம். தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திருப்பப்படும் கொசஸ்தலையாற்றின் நீர் கால்வாய் வழியே சோழவரத்துக்கு வந்து, அங்கிருந்து புழலுக்குச் செல்கிறது. மேலே, ஆந்திர மலைகளில் பிறந்த நகரியாறு பூண்டி அருகே கொசஸ்தலையில் கலக்கிறது. சற்று வடக்கே ஆரணியாறு நாகலாபுரத்துப் பக்கமிருந்து இறங்கி, ஊத்துக்கோட்டையைக் கடந்து பழவேற்காட்டை அடைகிறது. சருகு எரிந்த சரிவில் மழைத்துளியைத் தாங்க எதுவுமில்லை. நீர் மண்ணுக்குள் இறங்காமல் வழிந்தோடுகிறது. போகிறபோக்கில் மண்ணையும் சாம்பலையும் அள்ளிக்கொண்டு போகிறது. மேலே மண் அரித்தால் கீழே ஏரி தூர்கிறது, ஊற்று வற்றுகிறது, மழைக்காலத்தில் வெள்ளமும் கோடையில் வறட்சியுமாக ஆறு இரண்டுங்கெட்டதாகிறது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் தரை தெரிய வறண்டதற்கு மழை பொய்த்ததே முதற்காரணம். பெய்யும் மழையை மலை எவ்வளவு பிடித்துவைக்கிறது என்பதும் அதே கணக்கில் சேர வேண்டியதே.

வயலிலும் இதே கதைதான், சிறிய அளவில். திருவள்ளூர் மாவட்டத்தில் கரும்பு பயிரிடும் பகுதிகள் உண்டு. அறுவடைக்குப்பின் தோகையைக் கொளுத்துவது பல இடங்களிலும் வழக்கம். ஆள்கூலி கட்டுப்படியாகாத விவசாயிக்குத் தீக்குச்சியே மலிவான வேலையாள். அவரை வில்லனாக்கிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியாது. ஆனால் தோகையோடு அதிலிருந்த தழைச்சத்தும் கந்தகச்சத்தும் புகையாய்ப் போகின்றன. மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் கருகுகின்றன. அதே தோகையை வரிசைக்கிடையே மூடாக்காகப் பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும். அதற்கான இயந்திரமும் கூலியும் எட்டாதவரை அறிவுரை மட்டும் வேலை செய்யாது.

மூன்றாவது, காற்று. சோழவரத்துக்கு வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உலைகள். கிழக்கே எண்ணூர், வல்லூர் பக்கம் அனல்மின் நிலையங்கள். ஊரை ஒட்டிக் கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகள். இத்தனை புகைக்கிடையில் காட்டுப்புகை ஒரு பொருட்டா என்று கேட்கலாம். நுரையீரல் புகையை ஊர்வாரியாகப் பிரித்து வாங்குவதில்லை. பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், உலையில் பிறந்தாலும் சருகில் பிறந்தாலும் ஒரே வழியில்தான் உள்ளே செல்கிறது. ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்கிறது இந்திய அளவுகோல். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த வழிகாட்டு அளவோ 5. ஏற்கெனவே சுமையோடு இருக்கும் காற்றில் கூடுதல் சுமை ஏறும்போது முதலில் தடுமாறுவது குழந்தையும் முதியவரும் திறந்தவெளியில் உழைப்பவருமே. ஆலைப்புகை பெரியது என்பது சருகுப்புகைக்கு மன்னிப்பாகாது. சருகுப்புகையைக் காட்டி ஆலைகள் தப்பிக்கவும் கூடாது. 2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டம் நகரங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி ஆகிய நான்கும் அதில் உள்ளன. கும்மிடிப்பூண்டி இல்லை. காற்றுக்கு மாநகர எல்லை தெரியாது என்பதை அந்தப் பட்டியல் மறந்துவிடுகிறது.

எல்லை கடந்த புகையை எப்படி எதிர்கொள்வது என்பதற்குத் தமிழர் வாழும் சிங்கப்பூரில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தோனேசியாவின் கரிநிலக் காடுகள் எரிந்தபோது, 1997-இலும் 2015-இலும் அந்நகரம் வாரக்கணக்கில் மூச்சுத்திணறியது. 2015-இல் பள்ளிகளை ஒருநாள் மூடவும் நேர்ந்தது. அயல்நாட்டில் எரிவது தன் பிரச்சினை இல்லை என்று அது இருந்துவிடவில்லை. எங்கே எரித்தாலும் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுக்க 2014-இல் சட்டமே செய்தது. அச்சட்டம் எவ்வளவு பலித்தது என்பது விவாதத்துக்குரியது. ஆனால் புகைக்கும் பொறுப்பாளி உண்டு என்று அது எழுதிவைத்தது. இங்கே 2014 மார்ச்சில் திருமலையை ஒட்டிய சேஷாசலக் காடுகள் நாட்கணக்கில் எரிந்தன. விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரவேண்டியிருந்தது. நம்மிடமிருந்து அம்மலைகள் சுமார் நூறு கிலோமீட்டர்தான். கிருஷ்ணா நீருக்காக 1983-இல் ஒப்பந்தம் செய்துகொண்ட இரு மாநிலங்களும், எல்லை மலைகளின் தீக்காலத்தைப் பற்றியும் ஒரே மேசையில் அமர்ந்து பேசலாம்.

பேசவேண்டியவை பெரிய தத்துவங்கள் அல்ல. கோடைக்கு முன்பே தீத்தடுப்புக் கோடுகள் சுத்தமாக வெட்டப்பட்டனவா? பச்சைத் தழையால் தீயை அடித்து அணைக்கும் தற்காலிகக் காவலருக்குக் கூலி காலத்தில் கிடைக்கிறதா, காப்பீடு உண்டா? 2004 முதல் இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் வழியே தரும் தீ எச்சரிக்கை, மலையடிவாரத்துக் கிராமத்துக்கு நேரத்தோடு போய்ச் சேர்கிறதா? இருளர் முதலிய பழங்குடியினரின் காட்டறிவுக்கு, 2006-இன் வன உரிமைச் சட்டம் காகிதத்தில் தந்த இடம் நடைமுறையில் உண்டா? கும்மிடிப்பூண்டியில் பதிவாகும் காற்றுத்தர எண்ணை, போகிப் பண்டிகையன்று மட்டுமின்றிப் பங்குனியிலும் யாராவது பார்க்கிறார்களா?

இலக்கியம் வாசிக்கும் நமக்கும் இதில் ஒரு சிறு கடமை உண்டு. தீயில் மனிதர் இறந்தால் எழுதுகிறோம். காட்டின் கன்றுகள் மடிந்தால் அது செய்தியாகவே நம்மை எட்டுவதில்லை. நகரியாற்றையும் ஆரணியாற்றையும் பழவேற்காட்டையும் பற்றி எழுதும் இளம் எழுத்தாளர்கள் அவற்றின் தலைமாட்டில் உள்ள மலைகளுக்கும் ஒருமுறை சென்று வரட்டும். மழைக்காலத்துப் பச்சையில் வேண்டாம். எரிந்து கறுத்த பங்குனியில், வனத்துறையின் அனுமதியோடு போய்ப் பார்த்து எழுதட்டும். பதிப்பிக்கச் சிற்றிதழ்கள் இருக்கின்றன.