உறுதி எழுதினால் உறவு கெடுமா?

காணியின் எல்லையையும் நகையின் பவுணையும் கணக்கிட்டு, நொத்தாரிசு முன்னிலையிற் சீதன உறுதி முடித்த பின்னரே தாலிக்கு நாள் குறிக்கும் சமுதாயம் நமது சமுதாயம். அதே சமுதாயம், மணம் செய்யாது சேர்ந்து வாழும் இருவர் தம் உடைமை பற்றி ஓர் ஒப்பந்தம் எழுத முனைந்தால், “அன்புக்கும் பத்திரமா?” என்று முகஞ்சுளிக்கின்றது. பழைமைவாதிகள் இவ்வாறு கேட்பதில் வியப்பில்லை. முற்போக்குப் பேசும் இளைஞர் சிலரும் இதனையே வேறு சொற்களிற் கூறுவதுதான் நம்மை எழுதத் தூண்டியது.

சட்டத்தின் நிலை யாது? நீண்டகாலம் கணவன் மனைவியாக வாழ்ந்து, ஊராரும் அவ்வாறே ஏற்றிருந்தால், மணம் நடந்ததென இலங்கை நீதிமன்றம் ஊகிக்கலாம். “நாம் மணம் செய்யவில்லை” என்று வெளிப்படையாகக் கூறி வாழ்வோருக்கு அவ்வூகம் துணை நில்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நிலத்தைக் கைமாற்றும் உடன்பாடு நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட எழுத்தாக இருத்தல் வேண்டும், வாய்ச்சொல் செல்லாது. காணி ஒருவர் பெயரில் இருக்கின்றது. வீடோ மற்றவரின் சம்பளத்திலும் சீட்டுக் காசிலும் எழுகின்றது. காணிக்காரர் மரணசாசனம் எழுதாது இறந்தால், அவருடைய இரத்த உறவினர் வாரிசாவர். உடன் வாழ்ந்தவர் வாரிசாகார்.

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம் மணத்துக்குப் புறம்பே பிறந்த பிள்ளைக்கும் பராமரிப்பு அளிக்கின்றது. அப்பிள்ளையை வளர்த்தவளுக்கு, அவள் மனைவியல்லள் என்பதால், அளிப்பதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டமோ உடன் வாழும் துணையையும் ஏற்றுக்கொண்டது. அடிபட்டால் அவள் துணைவி. உடைமை பங்கிடும்போது அந்நியள்!

“சொத்தும் ஒப்பந்தமும் முதலாளித்துவத்தின் கருவிகள், நமக்கேன்?” என்பார் நம் தோழர். 1884இல் ஏங்கெல்ஸ் குடும்பத்துக்கும் தனிச்சொத்துக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்து எழுதியதையும் துணைக்கு அழைப்பர். பத்திரம் எழுதாவிட்டாற் சொத்து மறைந்துவிடுமா? மறையாது. உறுதியில் எவர் பெயர் உண்டோ அவரிடமே அது தங்கும். எழுதாமை நடுநிலைமையன்று, அது வலியவர் பக்கம் சாய்ந்த தராசு.

ஆதலால், காணி வாங்கும்போதே இருவர் பெயரையும் அவரவர் பங்கையும் உறுதியில் எழுதுக. ஒருவர் பெயரில் உள்ள வீட்டுக்கு மற்றவர் கொடுத்த பணத்தைத் தேதியோடு பதிந்து இருவரும் ஒப்பமிடுக. நொத்தாரிசும் இரு சாட்சிகளும், அன்றேல் ஐந்து சாட்சிகள் முன்னிலையில் மரணசாசனம் எழுதுக. அடுப்படியிலும் தொட்டிலருகிலும் கழிந்த உழைப்பையும் பங்காக மதித்துக் கணக்கிலே சேர்க்க. கூலி பெறாத உழைப்பும் உழைப்பே.

தனியொப்பந்தம் ஒன்றே போதும் என்று நாம் கூறவில்லை. பசித்தவனும் படியளப்பவனும் செய்யும் உடன்படிக்கையில் நீதி தானாகப் பிறப்பதில்லை. நியூசிலாந்தில் 1976ஆம் ஆண்டின் உடைமைச் சட்டம் திருத்தப்பட்டு, 2002 முதல், பொதுவாக மூன்றாண்டுகள் சேர்ந்து வாழ்ந்தோருக்கும் சமபங்கு விதியாயிற்று. அவ்விதியிலிருந்து விலகி ஒப்பந்தம் செய்ய விரும்புவோர் தனித்தனிச் சட்டத்தரணியின் ஆலோசனை பெறுதல் அங்கே கட்டாயம். மெலியவரை வலியவரின் கையெழுத்திலிருந்து காக்கும் ஏற்பாடு அது.

அத்தகைய சட்டத்தை இங்கும் கோருவோம். அது வரும்வரை எழுதுகோலைக் கையிலெடுப்போம். சீதனத்துக்குப் பத்திரம் எழுதக் கூசாத நாடு, சமத்துவத்துக்குப் பத்திரம் எழுத ஏன் கூசவேண்டும்?