சுமைகாரர்கள் போட்ட பாதை

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போகிறவர்களுக்கு அங்கே இறங்கியதும் எழுகிற முதல் சந்தேகம், ஸ்டேஷன் எங்கே என்பதுதான். தண்டவாளம் கிடையாது, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலும் கிடையாது. டீக்கடைகள் இருக்கின்றன, மக்காச்சோளம் சுடுகிறார்கள், மேகம் விலகினால் கீழே தேனி மாவட்டத்துச் சமவெளி தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் அங்கே நிஜமான ஸ்டேஷன் இருந்தது.

மூணாறு எஸ்டேட்டுகளில் விளைந்த தேயிலையை மலையிலிருந்து இறக்க, 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் வண்டிகளை விட்டார்கள். 1908-இல் அது நீராவி என்ஜின் ஓடும் குறுகிய பாதை ரயிலானது. ரயில் மலை விளிம்போடு நின்றுவிடும். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். மேலே இருந்த நிலையம் டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல். மூன்றும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் பிடிபடுகிற கணக்கு. கீழே வந்த பெட்டிகள் மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர் வழியாக அம்மையநாயக்கனூர் ரயில் நிலையத்துக்கும், அங்கிருந்து தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போய், கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. திரும்பும் கம்பிவடத்தில் தொழிலாளர்களுக்கான அரிசி மேலே ஏறியது.

1924 ஜூலையில் பெய்த பெருமழை அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது. அதன்பின் யாரும் அதைத் திரும்பப் போடவில்லை.

மலையடிவாரத்துக் குரங்கணியிலிருந்து சென்ட்ரல் வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறுகிற நடைபாதை மட்டும் பிழைத்துக் கிடக்கிறது. சாலை சுற்றிக்கொண்டு போகும் இடத்துக்கு இது குறுக்கே ஏறும். இந்தச் சரிவுகளில் மூட்டை தூக்கியவர்கள், கூலி வேலைக்கு ஏறியவர்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர்கள் எல்லாரும் தேய்த்துப் போட்ட தடம். முதுவர் பழங்குடியினரின் குடிகளும் இதே மலைகளில்தான் இருக்கின்றன. தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து, பிள்ளைகளையும் சாமியையும் முதுகில் கட்டிக்கொண்டு மலையேறி வந்தவர்கள் என்பது முதுவர்கள் சொல்லும் வரலாறு. இன்று முதுகுப்பையும் கைத்தடியுமாக வருகிற நகரத்து நடையாளர் இந்த வரிசையில் கடைசி ஆள்.

மேற்கு மலைகளில் டிரெக்கிங் பாதை என்று பெயர் வாங்கிய தடங்களில் பலவற்றின் பூர்வகதை இதுதான். காட்சி பார்க்கப் போட்ட பாதைகள் அல்ல அவை, காரியத்துக்காகப் போட்டவை.

கொடைக்கானலுக்குப் போன பழைய வழியும் அப்படித்தான். மதுரையில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் உயிர்களைப் பறிகொடுத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள், 1845-இல் அந்த மலையில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். அடுத்த சுமார் எழுபது ஆண்டுகளுக்கு அங்கே ஏறிப்போக மோட்டார் சாலை இல்லை. ரயில் வந்தபின் அம்மையநாயக்கனூரில் இறங்குவார்கள். கொடைரோடு என்று இன்று அழைக்கப்படும் அதே நிலையம்தான், மூணாறுத் தேயிலை ரயிலேறிய இடமும் அதுவே. அங்கிருந்து இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் கிருஷ்ணம்மா நாயக்கன் தோப்பு வரை போய், அதன்பின் செங்குத்தான மலைத்தடத்தில் ஏறுவார்கள். துரைகள் குதிரையில் போனார்கள். துரைசானிகளையும் குழந்தைகளையும் டோலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்தார்கள். பியானோவிலிருந்து சமையல் பாத்திரம் வரை, அந்த மலைநகரத்தின் சாமான்கள் மனிதத் தலைகளிலும் தோள்களிலும் ஏறியவைதான். மோட்டார் சாலை வந்ததும் டோலிக்காரர்களுக்கு வேலை போனது. சில ஆண்டுகளிலேயே புதர் பாதையை மூடத் தொடங்கியது. நடக்க ஆள் இல்லாத தடத்தைக் காடு சீக்கிரமே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

ஆனால் டோலி முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலில் டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, கும்பக்கரையை நோக்கி இறங்கும் தடத்தில் வெள்ளகெவி என்ற ஊர் இருக்கிறது. கொடைக்கானல் நகரத்தைவிடத் தங்கள் ஊர் மூத்தது என்று ஊரார் சொல்வார்கள். காப்பி, ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட் எல்லாம் விளைகிறது. விளைந்ததைக் குதிரை முதுகில் ஏற்றித்தான் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும். அரிசியும் சிமெண்டும் ஊருக்கு வந்ததும் அதே முதுகில்தான். பிரசவ வலி எடுத்த பெண்ணையோ நெஞ்சு வலிக்காரரையோ கம்பில் கட்டிய டோலியில் தூக்கிக்கொண்டு ஆண்கள் மலையேறிய செய்திகள் பத்திரிகைகளில் பலமுறை வந்துவிட்டன.

அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. தெருவெங்கும் கோயில்கள் இருப்பதால் ஊரையே கோயில் வளாகமாகப் பாவிக்கிறார்கள். எல்லையிலேயே விலை உயர்ந்த டிரெக்கிங் ஷூக்களைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கூழாங்கல் குத்தக் குத்த நகரத்து நடையாளர்கள் தத்தித் தத்தி நடப்பதை உள்ளூர்ச் சிறுவர்கள் சுவாரசியமாக வேடிக்கை பார்ப்பார்கள்.

மலைத்தடத்தில் இளைப்பாறும் இடங்கள் பெரும்பாலும் தண்ணீர் இருக்கும் இடங்களே. சுமை இறக்கி வைக்க ஒரு மேடை மாதிரிப் பாறை, பக்கத்தில் ஓர் ஊற்று அல்லது ஓடை. இந்த ஊற்றுகள் சும்மா வந்தவை அல்ல. மேற்கு மலையின் உச்சிப் பகுதிகளில் மேடுகளில் புல்வெளி, மடிப்புகளில் சோலைக்காடு என்று இரண்டும் கலந்து கிடக்கும். மழைத் தண்ணீரைப் புல்லின் வேர்களும் சோலையின் பஞ்சு போன்ற மண்ணும் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடும். ஏப்ரல் வெயிலில் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதென்றால், அது போன மழைக்காலத்துத் தண்ணீர். கும்பக்கரை அருவியாக விழும் பாம்பாறு, குரங்கணி வழியாக இறங்கும் கொட்டகுடி ஆறு எல்லாம் இப்படிச் சேர்ந்து கடைசியில் வைகைக்குப் போகிற தண்ணீரே. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரியும் இந்த மலைமேல்தான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் புல்வெளிகளை வெற்று நிலம் என்று நினைத்து வாட்டில், பைன், தைல மரங்களைப் பரப்பி நட்டார்கள். அந்த மரங்கள் ஊற்றுகளின் பங்கைக் குடித்துவிட்டன என்பது பல ஆய்வாளர்களும் மலைவாசிகளும் ஒத்துக்கொள்கிற விஷயம்.

அதே புல், கோடையில் வேறு முகம் காட்டும்.

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த நடையாளர் குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கங்களிலிருந்தும் வார இறுதிக்கு வந்தவர்கள், அவர்களில் பலர் இளம்பெண்கள். அந்த நாளிலும் பின்னர் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும். காய்ந்த புல்லில் அதன் வேகத்தை மனிதக் கால்கள் வெல்ல முடியாது. எந்தப் பக்கம் புல் எரிந்து முடிந்திருக்கிறது, எந்தப் பள்ளத்தில் ஈரம் இருக்கிறது, எந்தப் பாறைமேல் நின்றால் தப்பலாம் என்ற அறிவு அந்த மலையிலேயே வளர்ந்தவர்களிடம்தான் இருக்கிறது. விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வருமுன் முதலில் மேலே ஓடியவர்களும் அவர்களே. காயம்பட்டவர்களைப் போர்வையில் தொட்டில் கட்டி, இருட்டில் சுமந்து இறக்கினார்கள்.

அந்த ஆண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்தது. காட்டுக்குள் நடக்க அனுமதி, கட்டணம், வழிகாட்டி என்று எல்லாம் எழுத்தில் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 'டிரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 தடங்கள், எளிது, நடுத்தரம், கடினம் என்று மூன்று தரம், இணையத்தில் முன்பதிவு. தேனியில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு வரை போகும் தடமும் பட்டியலில் உண்டு. பழங்குடியினரும் வனத்தையொட்டிய ஊர்களின் இளைஞர்களும் பயிற்சி பெற்று வழிகாட்டிகளாகக் கூட வருகிறார்கள். தீ பிடிக்கும் கோடைக் காலத்தில் தடங்களை மூடிவிடுகிறார்கள்.

கட்டணம் அதிகம் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. நம் காட்டில் நடக்க நாம் ஏன் பணம் கட்ட வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் பாதை தானாக இருப்பதில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு பருவமழை போதும், மரம் சாய்ந்து கிடக்கும், கரை சரிந்திருக்கும், உண்ணிச்செடி இடுப்பளவு ஏறியிருக்கும். முன்பு சுமைகாரர்கள் போகிற போக்கில் அரிவாளால் ஒரு வெட்டு வெட்டிக்கொண்டு போனார்கள், பாதை சுத்தமானது. இன்று அந்த அரிவாளைப் பிடிப்பவர் வழிகாட்டி. ரசீதில் இருக்கும் பணத்தில் எவ்வளவு அந்தக் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைத்தான் நடையாளர்கள் கேட்க வேண்டும்.

ஆண்டுக்கு ஒரே ஒரு நாள் திறக்கும் பாதையும் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு ஏறும் தடம் அது. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும் ஆயிரக்கணக்கானோர் காடு வழியே நடக்கிறார்கள். முதியவர்கள்கூட ஏறிவிடுகிறார்கள். அவர்களில் யாரும் தன்னை டிரெக்கர் என்று சொல்லிக்கொள்வதில்லை. காலில் ரப்பர் செருப்பு, கையில் தண்ணீர் பாட்டில், மடியில் கட்டுச்சோறு.

வெள்ளகெவி மக்கள் பல்லாண்டுகளாகச் சாலை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சாலை வந்தால் தடத்தின் அழகு போய்விடும் என்று வருத்தப்படும் நடையாளர்களை வட்டக்கானல் டீக்கடைகளில் பார்க்கலாம். டோலி தூக்கும் முறை தனக்கு வராது என்று தெரிந்தவர் அப்படி வருத்தப்படுவது சுலபம். சாலை போட்டாலும் பழைய தடத்தை விட்டுவிடாமல், ஊர் இளைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பராமரிக்க வனத்துறையால் முடியும். குதிரைக்காரர்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்தால், கும்பக்கரைக்கு இறங்கும் வழி புதர் மூடிப் போகாது.