குற்றம் புரிந்தார்க்குப் பொதுப்பதவி தகுமா?

சட்டத்தை மீறியவர் சட்டம் ஆக்கும் மன்றிலோ அதனை நடத்தும் ஆசனத்திலோ அமரலாமா என்னும் வினா நம் நாட்டிற் பலகாலும் எழுகின்றது. தண்டனையை அனுபவித்து முடித்தவனை மீண்டுந் தண்டித்தல் அறமன்று என்பர் ஒருசாரார். கறைபட்ட கையில் ஊர்ப்பொருளை ஒப்படைத்தல் பேதைமை என்பர் மற்றொருசாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் ஒருவனை மன்னித்தல் வேறு. அவனிடம் ஊரை ஒப்படைத்தல் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதாலேயே இவ்வழக்குத் தீராது நிற்கின்றது.

இவ்வேறுபாட்டை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 921ஆம் ஆண்டளவில், உத்தரமேரூர்ச் சபையார் குடவோலைத் தேர்தலுக்குரிய விதிகளைக் கல்லில் வெட்டுவித்தனர். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரையும் அவர்தம் நெருங்கிய உறவினரையும், பிறர்பொருள் கவர்ந்தவரையும் அவ்விதிகள் விலக்கின. சில பிழைகளுக்குப் பிராயச்சித்தஞ் செய்து தூயரானவரும் ஆயுள்வரை குடவோலைக்கு உரியரல்லர் எனப்பட்டனர். அவர்தம் பாவம் நீங்கியதைச் சபையார் மறுத்திலர். வாரியம் ஏறும் உரிமையை மாத்திரமே மறுத்தனர். நிலமும் மனையும் உடையாரே தேர்தற்குரியர் என்ற அவர்தம் நிபந்தனையை இன்று நாம் ஏலோம். கணக்குக் காட்டாதவன் மீண்டும் கணக்கேட்டைத் தொடலாகாது என்றதை எங்ஙனம் தள்ளுவோம்?

இனி, நம் நாட்டு நிலையை நோக்குவோம். இரண்டாண்டோ அதற்கு மேலோ சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்காக ஆறு மாதத்துக்குக் குறையாத சிறைத்தண்டனை பெற்றவர், அத்தண்டனைக் காலத்திலும் அது முடிந்தபின் ஏழாண்டு வரையிலும் பாராளுமன்றத்துக்குத் தெரிவாகத் தகுதியற்றவர் என 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்புக் கூறுகின்றது. முழு மன்னிப்புக் கிடைப்பின் அத்தகுதியின்மை அன்றே ஒழியும். மன்னிப்பும் ஒப்படைப்பும் ஒன்றாய்க் கலக்கும் இடம் இதுவே.

இக்கலப்பால் விளையுந் தீங்குக்குச் சான்று வேண்டின், முன்னாட் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவின் வழக்கைக் காண்க. 2011இல் நிகழ்ந்த பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திரவின் கொலைக்காக மேல் நீதிமன்றம் அவருக்கு 2016இல் மரண தண்டனை விதித்தது; 2018இல் உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2021 யூனில் சனாதிபதி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். அடுத்த மாதமே அவர் தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபையின் தலைவராக நியமிக்கப்பட்டார். சிறைக்கதவைத் திறந்த கையே அரசாங்கச் சபையின் கதவையும் திறந்து விட்டது. 2024 சனவரியில் உயர் நீதிமன்றம் அம்மன்னிப்பை இரத்துச் செய்தது. அநுராதபுரத்தில் அரசாண்ட எல்லாளன், ஒரு கன்றின் சாவுக்காகத் தன் மகனையே தண்டித்தான் என்பதனை அவன் பகைவனைப் போற்றும் மகாவம்சமே உரைக்கின்றது. அத்துணைக் கடுமையை இன்று எவரும் வேண்டார். ஆள்வோர் தம்மவர்க்காக நீதியை வளைக்கலாகாது என்ற அக்கதையின் உட்பொருளோ இன்றும் வேண்டப்படுவதாகும்.

ஈண்டு ஒரு தடை எழும். சட்டத்தை மீறியோரெல்லாம் பதவிக்கு ஆகாரெனின், இருபத்தேழு ஆண்டு சிறையிருந்து 1994இல் தென்னாபிரிக்காவின் சனாதிபதியான நெல்சன் மண்டேலாவை என் செய்வது? 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாயிலில் மறியல் இருந்து, தாமே தபாற்சேவை நடத்தி, பின் பனாகொடையில் தடுத்து வைக்கப்பட்ட நம் தலைவர்களை என் செய்வது? குற்றத்தின் இயல்பை நோக்கின் இத்தடை நீங்கும். அநீதியான சட்டத்தைப் பலரறிய மீறி, வரும் துன்பத்தைத் தானே ஏற்பவன் பொதுநலத்துக்குத் தன்னை ஈகின்றான். இலஞ்சம் வாங்குபவனும் பொதுப்பணத்தைக் கையாடுபவனும் இருளில் மீறுகின்றனர்; பிடிபட்டபின் மறுக்கின்றனர். முன்னவனிடம் காணப்படுவது நம்பிக்கைக்கு உரிய தகுதி. பின்னவரிடம் காணப்படுவது நம்பிக்கையின் கொலை.

யார் தீர்ப்பது என்பதே இதனினும் அரியதொரு வினா. 1980இல் விசேட சனாதிபதி ஆணைக்குழுவொன்றின் முடிவைக் கொண்டு, பாராளுமன்றப் பெரும்பான்மையோர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் குடியியல் உரிமைகளை ஏழாண்டுக்குப் பறித்தனர். 1982இன் சனாதிபதித் தேர்தலில் அவர் போட்டியிட இயலாது போயிற்று. தகுதியிழப்பு என்னும் வாளை அரசியலாளர் கையிற் கொடுப்பின், அது முதலில் எதிரியின் கழுத்தையே தேடும். ஆதலின் இத்தீர்ப்பு வழமையான நீதிமன்றுக்கே உரியது. அங்கும் அவசரம் ஆகாது. 2020இல் மரண தண்டனை பெற்ற சில நாட்களுள் இரத்தினபுரி மாவட்டத்திற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான பிரேமலால் ஜயசேகரவை, 2022இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அவ்விடைக்காலத்தில் அவர் ஆசனத்தில் அமர்ந்ததும் பலர் மனத்தை உறுத்தியது. அமரவிடாது தடுத்திருப்பினோ குற்றமற்றவரெனப் பின்னர்த் தீர்க்கப்பட்ட ஒருவருக்கு அநீதி இழைத்தோராவோம்.

எனவே யான் வேண்டுவன மூன்று. மன்னிப்பு ஒருவனுக்கு விடுதலையையும் வாழ்வையும் தரட்டும். தீர்ப்பே தவறென நிலைநாட்டப்பட்டாலன்றிப் பதவித்தகுதியைத் தரவேண்டாம். கொலை, இலஞ்சம், பொதுப்பணக் கையாடல் ஆகியவற்றுக்கு முடிவான தீர்ப்புப் பெற்றவர், தெரிவுப் பதவிக்கும் நியமனப் பதவிக்கும் என்றும் உரியராகாதிருக்கட்டும். மேன்முறையீடு முடியும்வரை அத்தகையோர் பதவியின் அதிகாரம் நிறுத்தி வைக்கப்பட, அம்முறையீடு ஓராண்டுள் விசாரித்து முடிக்கப்படட்டும்.

மக்கள் வாக்களித்துத் தெரிந்தபின் தடுப்பது குடியாட்சிக்கு முரண் என்பாரும் உளர். வாக்கு அதிகாரத்தை வழங்கும். காணாமற்போன கணக்கை மீட்டுத் தராது.

நம்மில் எத்தனை பேர் கோயிற் பரிபாலன சபையிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் அங்கத்தவராயுள்ளோம்! கணக்குக் காட்டாத தனாதிகாரியை, “நம்மவர்தானே” என்று அடுத்த ஆண்டும் அதே நாற்காலியில் இருத்துவோமாயின், கொழும்பில் நிகழ்வதைக் குறைகூற நமக்கு வாயில்லை. மாணவ முதல்வரைத் தெரியும்போது ஒழுக்கத்தை நோக்கும் கல்லூரியிற் பயின்ற நாம், வாக்குச்சீட்டில் அடையாளமிடும் வேளையில் மாத்திரம் அவ்வளவுகோலை வீட்டில் வைத்துச் செல்லுதல் முறையோ? நாளை வாக்காளராகவிருக்கும் மாணவத் தம்பியர் இதனைச் சிந்திப்பாராக.