பூட்டு ஒண்ணு வாங்கிக்கோங்க

2024 செப்டம்பர்ல திருப்பதி லட்டு நெய்யில மாட்டுக் கொழுப்புன்னு கிளப்பி விட்டாங்க பாருங்க, அன்னையிலேர்ந்து வெளியூர்ல 'திண்டுக்கல்'னு சொன்னாலே ஒரு நக்கல் சிரிப்பு. நெய் அனுப்பினதுல எங்க ஊர் கம்பெனியும் ஒண்ணாச்சே!

கம்பெனிக்கு வக்காலத்து வாங்க வரலை மக்களே. அக்டோபர் 4-ஆம் தேதியே சுப்ரீம் கோர்ட் சிறப்புப் புலனாய்வுக் குழு போட்டுருச்சு, அது வேற கதை. என் சண்டை அந்த லேப் ரிப்போர்ட்டைப் படிச்ச லட்சணத்தோட.

குஜராத் ஆனந்த்ல இருக்கற லேப், கேஸ் குரோமட்டோகிராபில நெய்யோட டிரைகிளிசரைடுகளைப் பிரிச்சு, அஞ்சு 'எஸ்' எண்ணாக் கணக்குப் போடுது. சுத்தமான பால் கொழுப்புன்னா அஞ்சும் 100-ஐ ஒட்டி நிக்கணும். நிக்கலை. கலப்படம்னு சந்தேகப்பட அது போதும், ஒத்துக்கறேன்.

ஆனா மூணாவது எண்ணுக்கு நேரா இருக்கறது 'பாமாயில், மாட்டுக் கொழுப்பு'ன்னு ரெண்டு பேரு. ரெண்டுல எதுன்னு அந்த எண் சொல்லவே சொல்லாது. மாடு எண்ணெய்ச் சத்தை ஓவராத் தின்னாக்கூட எண் தடம் மாறும். தாவர எண்ணெயான்னு பாக்க தனியா ஸ்டெரால் டெஸ்ட் இருக்கு. பீட்டா சிட்டோஸ்டெரால் காட்டிக் கொடுத்துரும்.

ரெண்டு பேர்ல பாமாயிலை விட்டுட்டு மாட்டை மட்டும் பிடிச்சுட்டுக் கத்தினீங்களே, அது அறிவியலா, அரசியலா?

எங்க ஊரு பூட்டுக்குப் பேர் போனது சாமிகளா. ரிப்போர்ட்டை முழுசாப் படிக்கற வரைக்கும் வாய்க்கு ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாம்.